பாபில் நகரத்து வியாபாரிகளும் அவர்களின் களிமண் ஏடுகளும்



பாபில் என்னும் ஊரின் பெயர் நமக்குப் புதியதன்று. திருக்குர்ஆனில் சூரத்துல் பகராவின் 102-ஆம் வசனத்தில் ஹாரூத், மாரூத் ஆகியோரின் செய்தியோடு அந்நகரின் பெயர் வருவதை மதரஸாவில் ஓதிய காலந்தொட்டு அறிவோம். பைத்துல் முகத்தஸைப் பாழாக்கிய புக்துநஸ்ஸர் என்னும் அரசனைப் பற்றியும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சூனியமும் கொடுங்கோலும் மிகுந்த ஊர் என்ற அளவோடு நம்மில் பலர் அதனை மறந்துவிடுகிறோம். ஆனால் அந்நகரம் பெரியதொரு வியாபாரத் தலமாகவும் விளங்கிற்று. சரக்கு ஏற்றியவர், கடன் கொடுத்தவர், கூட்டு வியாபாரம் செய்தவர் ஆகியோரின் கணக்குகள் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அழியாமல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் நம்போன்ற கடைக்காரர்களுக்கு உபயோகமானவற்றை மட்டும் ஈண்டு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் சொல்ல வந்த விஷயம் ஒன்றே. நம்பிக்கை உள்ள இடத்தில் எழுத்து எதற்கு என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. நம்பிக்கை உள்ள இடத்தில்தான் எழுத்து முதலில் வேண்டும் என்பது பாபில் நகரத்தார் கண்ட முடிவு. அது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

ஊரும் ஆறும்

இன்றைய ஈராக் நாட்டில், பாக்தாதுக்குத் தெற்கே சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில், ஹில்லா என்னும் ஊருக்கு அருகே, பாபிலின் இடிபாடுகள் கிடக்கின்றன. புராத் ஆற்றின் கரையில் அந்நகரம் அமைந்திருந்தது. மழை குறைந்த அந்நாட்டில் ஆற்று நீரை வாய்க்கால்களால் பாய்ச்சி வாற்கோதுமையும் பேரீச்சையும் எள்ளும் விளைவித்தனர். மண்ணுக்கும் நாணலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நல்ல மரமில்லை, கல்லில்லை, உலோகமில்லை. தானியத்தையும் கம்பளித் துணியையும் வெளியே அனுப்பி, மரத்தையும் செம்பையும் வெள்ளியையும் வரவழைத்தால்தான் வாழ்வு நடக்கும். ஆகவே வியாபாரம் அந்நாட்டாருக்கு உயிர்நாடியாயிற்று.

செம்பு கடல் வழியாக வந்தது. இன்றைய பஹ்ரைன் அக்காலத்தில் தில்முன் என வழங்கிற்று. அதுவே இடைத்துறையாக இருந்தது. இன்றைய உமான் பகுதியிலிருந்தும், அதற்கு முந்திய காலத்தில் நமது சிந்து நதிப் பிரதேசத்திலிருந்தும் அந்நாட்டுக்குச் சரக்குகள் சென்றன.

கி.மு. 1894 அளவில் அங்கே ஓர் அரச வம்சம் தோன்றிற்று. அவ்வம்சத்தின் ஆறாம் அரசனே ஹம்முராபி என்பவன். அவன் கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்டான். சிறு ராஜ்யமாக இருந்ததைச் சுற்றுப்புற நாடுகளையெல்லாம் அடக்கிய பெரும் ராஜ்யமாக்கினான்.

களிமண்ணில் எழுதிய கணக்கு

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினர். பாபில் நாட்டார் ஈரக் களிமண்ணை உள்ளங்கை அளவுக்குத் தட்டி, நாணல் குச்சியின் முனையால் அழுத்தி எழுதினர். எழுத்து ஆப்பு வடிவில் விழும். மண் காய்ந்ததும் அது ஏடாகிவிடும். ஓலையைச் செல் அரிக்கும், காகிதம் நெருப்பில் கருகும். களிமண் ஏடோ, வீடு தீப்பற்றினால் சுட்ட செங்கல்லைப்போல் முன்னிலும் உறுதியாகிவிடும். அதனால்தான் லட்சக்கணக்கான ஏடுகள் இன்று உலகப் பொருட்காட்சிச் சாலைகளில் இருக்கின்றன.

அந்நாட்டில் எழுத்து பிறந்ததே கணக்குக்காகத்தான் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். பாபில் ராஜ்யத்துக்கு வெகு காலம் முன்பே, கி.மு. 3200 அளவில், தெற்கேயுள்ள உருக் என்னும் ஊரில் எழுதப்பட்ட ஏடுகளில் பெரும்பாலானவை தானியம், ஆடு, பணியாட்களின் படி ஆகியவற்றின் வரவு செலவேயாகும். கதையும் பாட்டும் பிறகுதான் வந்தன. கணக்குப்பிள்ளைதான் அங்கே முதல் எழுத்தாளன்!

முக்கியமான பத்திரங்களை அவர்கள் காப்பாற்றிய விதம் மிகவும் கவனிக்கத்தக்கது. ஏட்டை எழுதி முடித்ததும் அதன்மேல் மெல்லிய களிமண்ணை உறைபோல் போர்த்துவர். அந்த உறையின்மேல் உள்ளே உள்ள வாசகத்தையே மறுபடியும் எழுதுவர். சாட்சிகளின் பெயர்களை வரிசையாகக் குறிப்பர். உருண்டைக் கல்லில் செதுக்கிய முத்திரையை அதன்மேல் உருட்டுவர். முத்திரை இல்லாத ஏழைகள் தம் ஆடையின் ஓரத்தையோ நகத்தையோ மண்ணில் அழுத்துவர். பின்னர் யாரேனும் வெளி வாசகத்தைத் திருத்திவிட்டான் என்று வழக்கு வந்தால், நீதிபதியின் முன்னிலையில் உறையை உடைத்து உள்ளே உள்ளதைப் படித்துப் பார்ப்பார்கள். ஒரே பத்திரத்துக்கு இரண்டு பிரதி. ஒன்றுக்கு மற்றொன்று காவல்!

எண்ணிக்கையில் அவர்கள் அறுபதை அடிப்படையாகக் கொண்டனர். அறுபது ஷெக்கல் ஒரு மினா. அறுபது மினா ஒரு தாலந்து. ஒரு ஷெக்கல் ஏறத்தாழ 8 கிராம். இன்று நம் கைக்கடிகாரத்தில் மணிக்கு 60 நிமிடம் என்றும், வட்டத்துக்கு 360 பாகை என்றும் கணக்கிடுவது அவர்கள் விட்டுச் சென்ற வழக்கமேயாகும். நாணயம் அக்காலத்தில் இல்லை. வெள்ளியை நிறுத்தே விலை பேசினர். இந்நாட்டுத் தமிழர்களாகிய நாமும் ரிங்கிட்டை இன்றளவும் 'வெள்ளி' என்றுதானே சொல்லுகிறோம்!

கல்லில் பொறித்த சட்டம்

1901-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஈரான் நாட்டு சூசா என்னும் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் நிலத்தைத் தோண்டியபோது, சுமார் ஏழடி உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்று மூன்று துண்டுகளாகக் கிடைத்தது. அதில் ஹம்முராபியின் சட்டங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஏலாம் நாட்டு அரசன் ஒருவன் படையெடுத்துவந்து அதைக் கொள்ளைப் பொருளாகக் கொண்டுசென்றிருக்கிறான். அவன் ஆட்கள் ஒரு பகுதியைச் செதுக்கி அழித்துவிட்டபோதிலும், வேறு ஏடுகளின் உதவியால் அதில் சில கிடைத்துள்ளன. அறிஞர்கள் மொத்தம் 282 சட்டங்கள் என எண்ணியிருக்கிறார்கள். அக்கல் இப்பொழுது பாரீஸ் நகரில் லூவர் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.

அச்சட்டங்களில் திருட்டு, திருமணம், வாரிசு, வாய்க்கால், கூலி முதலிய பலவும் உள்ளன. நமக்கு வேண்டியவை வியாபாரத்தைப் பற்றியவை. ஒருவனுடைய மகனிடமிருந்தோ அடிமையிடமிருந்தோ வெள்ளி, பொன், மாடு முதலியவற்றைச் சாட்சியும் பத்திரமும் இன்றி வாங்கியவன் திருடனாகவே கருதப்படுவான் என்கிறது 7-ஆம் சட்டம். அதற்குத் தண்டனை மரணம். பிறரிடம் அமானிதமாகப் பொருளை ஒப்படைப்பவன் சாட்சிகளுக்குக் காட்டி, பத்திரம் எழுதிய பிறகே கொடுக்கவேண்டும் என்கிறது 122-ஆம் சட்டம். அப்படிச் செய்யாமல் கொடுத்துவிட்டு, வாங்கியவன் மறுத்தால் அவ்வழக்குக்கு இடமில்லை என்கிறது 123-ஆம் சட்டம்.

பிரயாணம் செல்லும் ஒருவன், வேறொருவனிடம் வெள்ளியோ பொன்னோ சரக்கோ கொடுத்து இன்ன இடத்தில் சேர்ப்பிக்கச் சொல்லி, அவன் சேர்க்காமல் எடுத்துக்கொண்டால் ஐந்து மடங்கு கொடுக்கவேண்டும் என்பது 112-ஆம் சட்டம். ஊருக்குப் பயணம் போகிறவர் கையில் பணமும் நகையும் கொடுத்தனுப்பிப் பழகிய நம்மவர்களுக்கு இச்சட்டத்தின் அருமை நன்றாய் விளங்கும்.

முதலாளிக்கு ஆறு மடங்கு

இனி முதலாளியும் அவரிடம் சரக்கு வாங்கி வெளியூர் சென்று விற்கும் ஏஜெண்டும் சம்பந்தப்பட்ட சட்டங்களைப் பார்ப்போம். இவை 100 முதல் 107 வரை உள்ளன.

முதலாளி தானியமோ கம்பளியோ எண்ணெயோ விற்கக் கொடுத்தால், ஏஜெண்டு அதன் விலையைக் கணக்கெழுதி முதலாளியிடம் செலுத்தவேண்டும். செலுத்திய வெள்ளிக்கு முத்திரையிட்ட ரசீதும் பெற்றுக்கொள்ளவேண்டும். அசட்டையால் ரசீது வாங்காமல் விட்டால், அந்த வெள்ளி கணக்கில் சேராது. வழியில் பகைவர் கொள்ளையிட்டுவிட்டால், ஏஜெண்டு சத்தியம் செய்துவிட்டு விடுதலை பெறலாம்.

ஏஜெண்டு பணத்தை வாங்கிக்கொண்டு வாங்கவில்லையென்று பொய் சொன்னால், முதலாளி சாட்சிகளைக்கொண்டு நிரூபித்தபின் ஏஜெண்டு மூன்று மடங்கு கொடுக்கவேண்டும். ஆனால் ஏஜெண்டு திருப்பிக் கொடுத்ததை முதலாளி வாங்கிக்கொண்டு, வரவில்லையென்று மறுத்தால் அந்த முதலாளி ஆறு மடங்கு கொடுக்கவேண்டும்!

சகோதரர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். ஏழை செய்த பொய்க்கு மூன்று. செல்வன் செய்த பொய்க்கு ஆறு. பணமும் பெட்டியும் பேரேடும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்மீது பொறுப்பும் அதிகம் என்பதே இதன் கருத்தாக நமக்குத் தோன்றுகிறது. எழுத்து முதலாளியின் லாபத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. சம்பளக்காரனுக்கும் வாடிக்கைக்காரருக்கும் அதுவே பாதுகாப்பு.

எடையும் கடனும்

கடன் கொடுக்கும்போது சிறிய படிக்கல்லாலும் திரும்ப வாங்கும்போது பெரிய படிக்கல்லாலும் நிறுக்கும் வியாபாரி, தான் கொடுத்ததையே இழந்துவிடுவான் என்றும் அச்சட்டங்களில் உள்ளது. அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் சூரத்துல் முதஃப்பிஃபீனை ஓதிய நமக்கு இது புதிய பாடமன்று. மோசடியும் பழையது, அதற்குக் கண்டனமும் பழையது என்பது விளங்குகிறது.

சரக்கின் தரத்தைப் பற்றிய சண்டையும் அன்றே உண்டு. கி.மு. 1750 அளவில் தெற்கேயுள்ள ஊர் என்னும் பட்டணத்தில் ஏயா நாசிர் என்றொரு செம்பு வியாபாரி இருந்தான். அவன் நல்ல செம்பு தருவதாகச் சொல்லித் தாழ்ந்த சரக்கைக் காட்டியதாகவும், பணம் கேட்டுப்போன ஆட்களை அவமதித்ததாகவும் நன்னி என்பவன் எழுதிய புகார் ஏடு இன்று லண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. இனிமேல் என் முற்றத்தில் நானே பொறுக்கியெடுத்துத்தான் சரக்கு வாங்குவேன் என்று அவன் கண்டிப்பாய்த் தெரிவித்திருக்கிறான். ஒருவன் விற்ற தாழ்ந்த சரக்கின் கெட்ட பெயர் ஏறத்தாழ 3,770 ஆண்டுகள் நிலைத்துவிட்டது பாருங்கள்!

இரக்கத்துக்கும் அச்சட்டத்தில் இடமிருந்தது. கடன் வாங்கிய விவசாயியின் நிலத்தை வெள்ளம் அடித்துச் சென்றாலோ, தண்ணீரின்றி விளைச்சல் பொய்த்தாலோ, அவ்வருஷம் அவன் கடனுக்குத் தானியம் கொடுக்கவேண்டியதில்லை. அவ்வருஷத்து வட்டியும் இல்லை. கடன் ஏட்டை நீரில் நனைத்து வாசகத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்கிறது 48-ஆம் சட்டம். ஹம்முராபியின் வழிவந்த அம்மி சதூக்கா என்னும் அரசன் கி.மு. 1646 அளவில் பட்டத்துக்கு வந்தவுடன் குடிகளின் கடன்களை ரத்துச் செய்து ஆணை பிறப்பித்தான். ஆனால் வியாபாரத்துக்கென்று கொடுத்த முதலையும் கூட்டு வியாபாரப் பணத்தையும் அவன் ரத்துச் செய்யவில்லை. வயிற்றுக்காக வாங்கிய கடன் வேறு, லாபத்துக்காக வாங்கிய முதல் வேறு என்று பிரித்தறிந்திருக்கிறான். கஷ்டத்திலுள்ள கடன்காரனுக்குத் தவணை கொடுக்கும்படி நமது மார்க்கம் கட்டளையிடுவதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

கொள்ளத்தகாதவை

பழையதெல்லாம் நல்லதென்று நாம் சொல்லவில்லை. பாபில் நாட்டில் வெள்ளிக்கு நூற்றுக்கு இருபதும், தானியத்துக்கு மூன்றில் ஒரு பங்கும் வட்டி நடந்தது. வட்டி நமக்கு ஹராம். கடன் தீர்க்க இயலாதவன் மனைவியையும் மக்களையும் வேலைக்கு விட்டான். மூன்று வருஷம் உழைத்து நாலாம் வருஷம் அவர்கள் விடுதலை பெறுவர் என்பதே அங்குக் கருணையாகக் கருதப்பட்டது. குற்றத்துக்குத் தண்டனை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. மேல்நிலையிலிருப்பவனை அடித்தால் ஒரு தண்டனை, எளியவனை அடித்தால் மற்றொன்று, அடிமையை அடித்தால் வேறொன்று. மர்துக் முதலிய பல தெய்வங்களை வணங்கினர். நட்சத்திரங்களை நுட்பமாய்க் கவனித்துக் கிரகணங்களைக் கணக்கிடும் அளவுக்கு அறிவு வளர்ந்தும், அதே அறிவைச் சகுனம் பார்ப்பதிலும் செலவிட்டனர். நெல்லை எடுத்துக்கொண்டு உமியைத் தள்ளுவதுபோல், நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் நம் கடமை.

ஐந்து தலைமுறை நிலைத்த வியாபாரம்

ஹம்முராபியின் வம்சம் கி.மு. 1595 அளவில் வீழ்ந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் பாபில் மறுபடியும் தலைதூக்கிற்று. நாம் புக்துநஸ்ஸர் என்றும் சரித்திர நூல்கள் நெபுகத்நேசர் என்றும் கூறும் அரசன் கி.மு. 605 முதல் 562 வரை ஆண்டான். நீல வர்ண ஓடுகள் பதித்த பெரிய கோட்டை வாயிலைக் கட்டியவன் அவனே. 1899 முதல் 1917 வரை ஜெர்மானியர் தோண்டி எடுத்த அந்த ஓடுகளைக்கொண்டு பெர்லினில் அவ்வாயில் திரும்ப அமைக்கப்பட்டது.

அவன் காலம் தொடங்கிப் பாரசீகர் காலம் வரை எகிபி என்ற குடும்பத்தார் ஐந்து தலைமுறையாய் பாபிலில் வியாபாரம் செய்தனர். கிராமங்களில் வாற்கோதுமையும் பேரீச்சையும் வெங்காயமும் கொள்முதல் செய்து, வாய்க்கால் வழியே படகில் நகரத்துக்குக் கொண்டுவந்தனர். அவர்களுடைய ஏடுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துள்ளன. கூட்டு வியாபாரத்தை அவர்கள் 'வழி' அல்லது 'பிரயாணம்' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். லாபத்தைப் பெரும்பாலும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வர். நமது ஃபிக்ஹு நூல்கள் முளாரபா என்று கூறும் கூட்டுக்கு இது நெருங்கி வருகிறது.

கி.மு. 539-இல் பாரசீக அரசன் சைரஸ் பாபிலைப் பிடித்தான். அரசு மாறிற்று, எகிபி குடும்பத்தின் வியாபாரமோ நடந்துகொண்டே இருந்தது. கி.மு. 508-இல் அக்குடும்பத்துச் சகோதரர் மூவர் தகப்பன் சொத்தைப் பாகம் பிரித்தபோது, யாருக்கு எந்த வீடு என்பதையெல்லாம் ஏட்டில் எழுதிக்கொண்டனர். அரசர்களின் அரண்மனை மண்மேடாகிவிட்டது. சகோதரர்கள் எழுதிய பாகப் பத்திரம் மட்டும் இன்றும் படிக்கும்படி இருக்கிறது.

நமது மலாக்காவும் எழுத்தும்

இவையெல்லாம் எங்கோ தூர தேசத்துச் சங்கதி என்று தள்ளவேண்டாம். நாம் குடியிருக்கும் மலாக்காவும் எழுதப்பட்ட சட்டத்தால் வளர்ந்த துறைமுகமே. 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான்கள் காலத்தில் ஹுகும் கானூன் மலாக்கா என்னும் சட்டத் தொகுப்பும், கப்பல் வியாபாரத்துக்கென உண்டாங் உண்டாங் லாவுட் மலாக்கா என்னும் கடல் சட்டமும் எழுதப்பட்டன. புயலில் கப்பலின் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், சரக்குக்காரர்களைக் கலந்தே செய்யவேண்டும், நஷ்டம் ஒருவர் தலையில் மட்டும் விழலாகாது என்னும் ஏற்பாடு அக்கடல் சட்டத்தில் உண்டு. துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர்; அவர்களில் ஒருவர் நம் சோழமண்டலக்கரையிலிருந்தும் வங்காளம், பெகு, பாசை ஆகிய இடங்களிலிருந்தும் வந்த வர்த்தகரைக் கவனித்துக்கொண்டார். 1511-இல் போர்த்துக்கீசியர் ஊரைப் பிடிக்கும்வரை, பல தேசத்தாரும் அஞ்சாமல் இங்கே சரக்கை இறக்கியதற்கு இவ்வித ஒழுங்கும் ஒரு காரணம். நமது முன்னோர் அவ்வொழுங்கின் நிழலில் வாழ்ந்தவர்கள். 1748-ஆம் ஆண்டைச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் இங்கு நம்மவர் நிலைத்து வாழ்ந்ததற்குச் சாட்சியாய் நிற்கிறது.

நாம் செய்யவேண்டியது

நம்மிடையே இன்றும் பல கடைகள் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. மச்சானும் மாப்பிள்ளையும் பங்காளிகள். ஒருவர் முதல் போட்டார், மற்றவர் இருபது வருஷம் கடையில் நின்றார். எத்தனை பங்கு யாருக்கு என்று ஒரு வரி எழுதவில்லை. ஒருவர் மவுத்தாகிவிடுகிறார். இருந்தவர் சொல்வதை அவருடைய பிள்ளைகள் நம்புவதில்லை. பிள்ளைகள் கேட்பது இவருக்கு நியாயமாகப் படுவதில்லை. இருவரும் நல்லவர்களே. ஆயினும் குடும்பம் இரண்டாகிவிடுகிறது, கதவு சாத்தப்படுகிறது. இவ்விதம் நமது ஊர்களில் நடக்கக் கண்டிருக்கிறோம். நம்பிக்கை மனிதனோடு கபுருக்குப் போய்விடும். எழுத்துத்தான் பின்தங்கி நிற்கும். இதைத்தான் மேலே முதலிலேயே சொன்னோம்.

தோட்டப்புறத்துக் கடைகள் சம்பளத் தேதிவரை கடனுக்குச் சாமான் கொடுத்து நடந்த காலத்தை நம்மில் பலர் அறிவர். ரப்பர்க் காடுகளில் பல செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. ஆனால் அட்டையில் 555 என்று போட்ட அந்தச் சிறு கடன் புத்தகத்தை மறந்தவர் இல்லை. அப்புத்தகம் ஒன்று கடையிலும் ஒன்று வாடிக்கைக்காரர் வீட்டிலும் இருந்த இடங்களில் தகராறு குறைவு. கடைக்காரர் கையில் மட்டும் இருந்த இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஏழை, சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு மனக்குறையோடு போனார். களிமண் உறையின் தத்துவம் இதுவே: பிரதி இரண்டு இருக்கவேண்டும்.

ஆகவே சகோதரர்கள் கீழ்க்கண்டவற்றை அனுஷ்டிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: கூட்டு வியாபாரத்தில் யார் முதல் எவ்வளவு, லாபத்தில் பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதை எழுதி, இரு சாட்சிகள் முன் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டு: வருஷம் ஒருமுறை இருப்பு எடுத்து ஐந்தொகை போட்டு, பங்காளிகள் அனைவரும் அதில் ஒப்பமிடவேண்டும்.

மூன்று: பணம் வாங்கினால் ரசீது கொடுக்கவேண்டும். கடைச் சிப்பந்தி தம் சம்பளத்தை நம்மிடமே விட்டுவைத்தால் அதற்கும் எழுத்துக் கொடுக்கவேண்டும். அது அமானிதம், ஆறு மடங்குச் சட்டத்தை நினைவில் வைக்கவேண்டும்.

நான்கு: கொடுத்த கடனை எழுதி வைத்துவிட்டு உறங்கிவிடக்கூடாது. இந்நாட்டில் 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, கடன் பாக்கிக்கான வழக்கைப் பொதுவாக ஆறு வருஷத்துக்குள் தொடுக்கவேண்டும். கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் ஒப்பமிட்டால் அத்தவணை புதிதாகத் தொடங்கும்.

ஐந்து: உண்மையாகவே கஷ்டப்படுகிறவருக்குத் தவணை கொடுத்து, அத்தவணையையும் எழுதிவிடவேண்டும். இரக்கமும் கணக்கில் ஏறினால்தான் நமக்குப்பின் வருகிறவர்கள் அதை மதித்து நடப்பார்கள்.

கடனை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் வசனமே, அதாவது சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனமே, திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதைச் சகோதரர்கள் அறிவார்கள். பாபில் நகரத்தார் வேதமின்றி, அனுபவத்தால் கண்டதை நமக்கு வேதமே விரித்துச் சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு மண்ணைக் குழைத்து, நாணலைச் சீவி, முத்திரை செதுக்கவேண்டியிருந்தது. நமக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் இரண்டு சாட்சிகளும்தான். இவ்வருஷக் கணக்கு முடிப்பதற்குள் அதைச் செய்துவிடலாம்.